எந்திரிக்கோணுமா, வேண்டாமா: எருத்தேன்பதிக்கு ஓர் அலர்ட் சுருக்கம்

1. ஒரு வரி பிரிண்ட்

அன்று காலை நான் ஆபீஸ் படியேறும்போதே ராமநாதன் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாலக்காட்டில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் எங்கள் சின்ன கம்பெனியின் முதலாளி அவர். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். பதற்றம் வந்தால் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொள்வார். அன்று இரண்டு நுனியும் கையில் இருந்தன.

"ஜெசிந்தா, நீ இப்பவே எருத்தேன்பதிக்குப் போகணும். பால் கம்பெனிக்காரா கொதிச்சுண்டிருக்கா. காலம்பற அவா சர்வர் படுத்துடுத்தாம். நம்ம மானிட்டரிங் ஒரு வார்த்தை சொல்லலைன்னு சொல்லறா."

"சொல்லாம இருந்திருக்காது சார்" என்றேன். "அஞ்சு நிமிஷம் குடுங்க. எடுத்துட்டு வரேன்."

எங்கள் தொழிலைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்களின் சர்வர்களை நாங்கள் தூரத்திலிருந்து கண்காணிக்கிறோம். டிஸ்க் நிறைகிறதா, மெமரி போதுமா, ஓட வேண்டிய புரோகிராம் ஓடுகிறதா என்று பார்த்து, ஏதாவது பிசகினால் அவர்களுடைய போனுக்கு மெசேஜ் அனுப்புவோம். இந்தத் தகவலையெல்லாம் வேறு புரோகிராம்களும் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. அதுதான் ஏபிஐ. ரேஷன் கடை ஜன்னல் மாதிரி. உள்ளே போக முடியாது. கார்டை நீட்டினால் கேட்டது கிடைக்கும்.

அந்த ஏபிஐயின் முதல் வரியை எழுதியவள் நான். மலைமேல் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, இந்த ஜன்னலைக் கட்டியவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. தலைக்கனம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

போன மெசேஜையெல்லாம் பதிந்துவைக்கும் லாகைத் திறந்து தேடினேன். இருந்தது. விடியற்காலை நாலு பன்னிரண்டுக்கு "டிஸ்க் 95 சதவீதம்" என்று மெசேஜ் போயிருந்தது. போன் அதை வாங்கிக்கொண்டதற்கான பதிலும் பதிவாகியிருந்தது. சர்வர் படுத்தது அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். அந்த ஒரு வரியை மட்டும் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே போனேன்.

2. இதுல எதுங்க மேடம்?

பால் கம்பெனி வளாகத்துக்குள் நுழையும்போதே புளித்த வாடை அடித்தது. கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதினோரு கொள்முதல் சென்டர்கள். ஒவ்வொன்றிலும் பாலைச் சோதிக்கும் மிஷினும் ஒரு குட்டி கம்ப்யூட்டரும் உண்டு. விவசாயி கொண்டுவரும் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று மிஷின் பார்த்து, எருத்தேன்பதி சர்வரில் பதிந்து, சீட்டு அடித்துக் கொடுக்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் சீட்டு வராது.

மேனேஜர் சண்முகசுந்தரம் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க மேடம், உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அந்தப் பக்கத்து மரியாதை அப்படி.

"பதினோரு சென்டர்லயும் மிஷின் நின்னு போச்சுங்க. சீட்டு இல்லாம பாலை ஊத்த மாட்டோம்னு அத்தனை பேரும் கேனோட நின்னுட்டாங்க. ரெண்டு சென்டர்ல பால் திரிஞ்சே போச்சு. பாடுபட்டுக் கறந்துட்டு வந்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க? உங்க மானிட்டரிங் எதுக்குங்க இருக்குது?"

நான் பையிலிருந்து தாளை எடுத்து, பிரித்து, மேஜைமேல் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "மெசேஜ் வந்திருக்குங்க சார். நாலு பன்னெண்டுக்கு. உங்க போனும் அதை வாங்கியிருக்கு."

என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் படித்துவிட்டு மூலைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா மரகதம், வந்திருக்குதாமா. நீ பாக்கலையா?"

அப்போதுதான் மூலையில் இருந்தவரைக் கவனித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் டூட்டி போன். அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவர் ஒருவர் தலையில். மாலையில் வீட்டுக்குப் போகும்போது அந்தப் போனும் அவரோடு போகும்.

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "டைரக்டருக ரெண்டுல ஒண்ணு கேக்கறாங்க மேடம். உங்க கம்பெனி தப்புன்னா உங்களை மாத்தறோம். இந்தப் புள்ள தப்புன்னா இந்தச் சீட்டுக்கு வேற ஆள் போடறோம். மாசக் கடைசில மீட்டிங். அதுக்குள்ள எழுத்துல ரிப்போர்ட் குடுங்க. அதை வெச்சுத்தான் நடபடி."

மரகதம் எழுந்து வந்து டூட்டி போனை என் கையில் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. "மேடம், நேத்து சாயந்திரத்துல இருந்து வந்ததுங்க இது. நீங்க சொல்ற மெசேஜ் இதுல எதுங்க? கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க."

விரலால் தள்ள ஆரம்பித்தேன். சென்டர் 4 ஆஃப்லைன். சென்டர் 4 ஆன்லைன். சென்டர் 9 ஆஃப்லைன். சென்டர் 2 மெமரி 70 சதவீதம். சென்டர் 9 ஆன்லைன். அந்தப் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போகும். போனால் ஒரு மெசேஜ், வந்தால் ஒரு மெசேஜ். முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே சத்தம். எந்த நேரத்துக்கு வந்தது என்று தெரிந்துவைத்திருந்த எனக்கே அந்த வரியைப் பிடிக்க நாலு நிமிஷம் ஆனது. மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோ" என்று காட்டினேன்.

"அவ்வளவுதானுங்க" என்று மரகதம் போனை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பூனைக்கும் எலிக்கும் முந்நூறு தடவை 'புலி வருது' என்று கத்திவிட்டு, உண்மையான புலி வந்தபோது அதே குரலில் கத்தியிருந்தது நான் எழுதிய புரோகிராம். அதில் ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து வந்து ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவளும் நான்தான். தாளை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன். "ரிப்போர்ட்டும் தரேன், இதுக்கு ஒரு வழியும் பண்ணித் தரேன்."

3. பக்கத்து நாற்காலி

அடுத்த இரண்டு நாள் மரகதத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷ சர்வீசில் வாடிக்கையாளரின் பக்கத்தில் உட்கார்ந்து என் மெசேஜை நான் படித்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பால் வேலைக்கு நாள் என்பது இருபத்துநாலு மணி நேரம் கிடையாது. காலையில் ஐந்தரையிலிருந்து எட்டு, மாலையில் நாலிலிருந்து ஆறரை. இந்த இரண்டையும் 'பால் நேரம்' என்பார்கள். பால் நேரத்தில் ஒரு சென்டர் பத்து நிமிஷம் செத்துக் கிடந்தால் அங்கே வரிசை நிற்கும், வாய்ச்சண்டை வரும். மத்தியானம் ஒரு மணிக்கு ஐந்து சென்டர் சேர்ந்து செத்துக் கிடந்தாலும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. என் ஏபிஐக்கோ ஒரு மணியும் ஆறு மணியும் ஒன்று.

மரகதம் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பால் நேரம் முடிந்ததும் அதில் மூன்று நாலு வரி எழுதி மேனேஜர் மேஜையில் வைப்பார். 'இன்னைக்கு எல்லாம் ஓடிச்சு. 4 மட்டும் கால் மணி லேட். 9-க்கு பேட்டரி மாத்தோணும்.' நூற்றுக்கணக்கான மெசேஜை அவர் கண்ணாலேயே சலித்து அந்த மூன்று வரியாக்கியிருந்தார். நான் இரண்டு மாத நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் டிசைன் டாக்குமென்ட்டை எனக்கு முன்னாலேயே ஒருவர் பேனாவால் எழுதிவைத்திருந்தார்.

"சரி மரகதம், நான் ஒரு சுருக்கம் அனுப்புறேன்னு வெச்சுக்குங்க. அதுல உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டேன்.

நோட்டை என்னிடமிருந்து வாங்கி மூடிவிட்டுச் சொன்னார். "மொத வரியில நான் எந்திரிக்கோணுமா வேண்டாமான்னு சொல்லிப்போடுங்க. மீதியெல்லாம் அப்புறமா பாத்துக்கறேன். விடியாலே நாலு மணிக்கு எந்திரிச்சு, அடுப்பு பத்த வெச்சு, ரெண்டு பிள்ளைகளுக்குச் சோறு கட்டறேனுங்க. ஒரு கையில போனை வெச்சுட்டு முந்நூறு மெசேஜ் படிக்க முடியாதுங்க."

"மேனேஜருக்கு?"

"அவருக்கு எந்திரிக்கறது எல்லாம் வேண்டாங்க. எந்த சென்டரு எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு தமிழ்ல நாலு வரி. டைரக்டருகளுக்கு வாரத்துக்கு ஒண்ணு போதும்."

ஒரே சர்வர், ஒரே தகவல், மூன்று பேருக்கு மூன்று விதமான சுருக்கம். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் நான் எழுதத் தொடங்கிவிட்டேன். டிக்கெட் போதாமல் பக்கத்திலிருந்தவரிடம் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று வாங்கி அதிலும் எழுதினேன்.

4. பத்து நாள்

ராமநாதன் சாருக்கு இது பிடிக்கவில்லை.

"டாஷ்போர்டுல எல்லாம் நன்னா தெளிவா இருக்கே, ஜெசிந்தா. கலர் கலரா இருக்கே. அதைப் பாத்தா போராதோ?"

"சோறு கட்டுறப்ப டாஷ்போர்டை யாரு சார் பாப்பாங்க?"

"அப்போ ஒரு சுருக்கம் பண்ணு. எல்லாக் கஸ்டமருக்கும் ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணுன்னா ஆரு மேய்க்கறது?"

"ஆளுக்கு ஒண்ணு நாம பண்ண வேண்டாம் சார். அவங்களே பண்ணிக்கிற மாதிரி ஏபிஐயில வெச்சிருவோம். எந்த நேரத்துக்கு, எதை, எப்படிச் சேர்த்து, எந்த மொழியில, யாருக்குன்னு அவங்க சொல்லட்டும். நாம அதை வாங்கி அனுப்பினாப் போதும்."

அவர் வேட்டி நுனியைக் கையிலிருந்து விட்டார். "பத்து நாள். பதினோராம் நாள் வேற கஸ்டமர் சண்டைக்கு வந்தா உன்னைத்தான் அனுப்புவேன், கேட்டயா."

அந்தப் பத்து நாள் என் வாழ்க்கையில் நான் நன்றாக வேலை பார்த்த நாட்கள் என்று சொல்லிக்கொள்வேன். ஏபிஐயில் 'சுருக்கம்' என்று புதிதாக ஓர் எண்ட்பாயிண்ட் திறந்தேன், ரேஷன் கடையில் இன்னொரு ஜன்னல் மாதிரி. அதற்கு ஐந்து கேள்விகள். எந்த நேர விண்டோ, அதாவது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? எந்தெந்த அலர்ட் வேண்டும்? சென்டர்வாரியாகச் சேர்க்கவா, வகைவாரியாகவா? வாசகம் எப்படி இருக்க வேண்டும்? யாருக்கு, எதில் அனுப்ப வேண்டும்? இந்த ஐந்துக்கும் பதில் எழுதி அனுப்பினால் ஒரு சுருக்கம் தயார். டிஸ்க் நிறைவது மாதிரி உயிர் போகிற சமாச்சாரத்துக்குச் சுருக்கம் காத்திருக்காது. அது அப்போதே போனில் மணியடித்துக் கூப்பிடும்.

வாசகத்துக்கு டெம்ப்ளேட் வைத்தது எனக்கே பிடித்த இடம். வார்த்தையை வாடிக்கையாளரே எழுதிக்கொள்ளலாம். மரகதம் எழுதியது இதுதான்: 'எந்திரிக்க வேண்டாம். 11 சென்டரும் ஓடுது.' பிரச்சினை இருந்தால்: 'எந்திரிங்க. சென்டர் 4 நின்னு 12 நிமிஷம்.' ஒரு சர்வர் எருத்தேன்பதித் தமிழில் பேசுவதை அன்றுதான் பார்த்தேன். ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ராமநாதன் சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "இது அவா குரல் மாதிரின்னா இருக்கு" என்று சிரித்தார்.

பத்தாம் நாள் ஓடவிட்டோம். மறுநாள் காலை மரகதத்தின் போனுக்கு வந்தவை மொத்தம் இரண்டு மெசேஜ். "எங்கூட்டுக்காரரு போன் ரிப்பேரான்னு கேக்கறாருங்க" என்றார். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

5. போனதும் வந்ததும்

சுருக்கம் ஓட ஆரம்பித்த ஆறாம் நாள் காலை மரகதம் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், எந்திரிக்க வேண்டாம்னு வருதுங்க. ஆனா இது சரியில்லைங்க."

"என்ன சரியில்லை? ஏதாவது சென்டர் நின்னிருக்கா?"

"அதெல்லாம் இல்லைங்க. நேத்து சாயந்திரம் நல்ல காத்து. பால் நேரத்துல எங்க ஆபீஸ்லயே எட்டுத்தடவை கரண்ட் போய் வந்துச்சு, நான் எண்ணினேன். உங்க சுருக்கத்துல ஒண்ணுகூட வரலை. அப்ப எதையோ விட்டுப்போட்டுத்தான் சொல்லுது. எதை விடுதுன்னு எனக்குத் தெரியோணுமுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பத்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலை. "கரண்ட் போய் உடனே வந்திருச்சுன்னா அது பிரச்சினையே இல்லையே மரகதம். அதான் சேர்க்கலை" என்றேன். சொல்லும்போதே அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், நான் உள்ளே ஒரு விதி எழுதியிருந்தேன். விண்டோ முடிவதற்குள் தானாகச் சரியாகிவிட்ட அலர்ட்டைச் சுருக்கத்தில் சேர்க்காதே. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. அது சக்குபள்ளத்து விதி. எங்கள் மலையில் மழை மாதத்தில் கரண்ட் போவதும் வருவதும் மூச்சு விடுவது மாதிரி. ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் என் அண்ணனிடம் போனில் கரண்ட் எப்படி என்று கேட்டால், "அது கெடக்கு, போகும் வரும்" என்பான். போய் வந்ததை அங்கே யாரும் சேதி என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை நான் கொண்டுவந்து புரோகிராமில் எழுதிவிட்டேன். வேறு ஊர்க்காரர் எழுதியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

"லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, விதியை எடுத்துவிட்டு முந்தின நாள் தகவலை ஓட்டிப் பார்த்தேன். சென்டர்கள் போய் வந்தது நிறைய இருந்தது. அதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. கீழே ஒரு வரி இருந்தது. எருத்தேன்பதி மெயின் சர்வரில் டேட்டாபேஸ் ஒரே பால் நேரத்தில் பதினேழு தடவை விழுந்து எழுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிட்டதால் அவசர மணி அடிக்கவில்லை. விண்டோவுக்குள் சரியாகிவிட்டதால் சுருக்கத்திலும் வரவில்லை. முந்தின நாளுக்கு முந்தின நாள் ஒன்பது. அதற்கும் முன்னால் நாலு. ஒவ்வொரு தடவையும் காரணம் மெமரி பிழை என்றே பதிவாகியிருந்தது.

அந்தச் சர்வர் இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோதான் தாங்கும். படுத்திருந்தால் மறுபடியும் பதினோரு சென்டரிலும் கேனோடு ஆட்கள் நின்றிருப்பார்கள். முதல் தடவை மரகதத்திடம் காட்டுவதற்கு முந்நூறு மெசேஜாவது இருந்தது. இந்தத் தடவை போனில் 'எந்திரிக்க வேண்டாம்' என்று அவருடைய வார்த்தையிலேயே என் பொய் இருந்திருக்கும். யாரும் அவரை நம்பியிருக்க மாட்டார்கள்.

"மரகதம், காலை பால் நேரம் முடிஞ்சதா?"

"இப்பத்தானுங்க முடிஞ்சது."

"நாலு மணிக்குள்ள சர்வரை நிறுத்தி மெமரி மாத்தணும். நான் வந்துட்டே இருக்கேன்."

மூன்றேகாலுக்கு வேலை முடிந்தது. மெமரி சிப் ஒன்று கெட்டிருந்தது. மாலை பால் நேரத்தில் டேட்டாபேஸ் ஒரு தடவைகூட விழவில்லை. மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்தோம்.

"கோச்சுக்கிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

"அது பரவால்லீங்க மேடம். போயிட்டு வந்ததையும் சொல்லச் சொல்லுங்க. எத்தனை தடவைன்னு மட்டும் போதும். அப்புறம், கடைசி வரியில, இதுல சேர்க்காம விட்டது எத்தனைன்னு போட்டுருங்க. விட்டது இருக்குதுன்னு தெரிஞ்சா நான் தேடிப் பாத்துக்குவேனுங்க. தெரியாட்டி எப்படித் தேடறது?"

அன்று ராத்திரிக்குள் அது ஏறிவிட்டது. எங்கள் சுருக்கத்தில் வாடிக்கையாளர் எல்லாவற்றையும் மாற்றலாம். நேரம், மொழி, வரிசை, வார்த்தை எல்லாம் அவர்கள் இஷ்டம். 'இதில் சேர்க்காமல் விட்டவை இத்தனை' என்ற கடைசி வரியை மட்டும் யாராலும் எடுக்க முடியாது.

6. ரிப்போர்ட்

மாசக் கடைசி வந்தது. ரிப்போர்ட்டை எழுதி முதலில் ராமநாதன் சாரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே, தப்பு எங்கள் மெசேஜ் அமைப்பில்தான், பொறுப்பாளர் எவராக இருந்தாலும் அதில் முக்கியமானதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எழுதியிருந்தேன். சுருக்கத்தில் நான் செய்த இரண்டாவது தப்பையும் எழுதியிருந்தேன்.

"நம்ம தப்புன்னு நாமே எழுதிக் குடுக்கறதாக்கும்? கஸ்டமர் போயிடுவா, ஜெசிந்தா."

"போனாப் போகட்டும் சார். இல்லேன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போகும்."

நாலு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தார். அப்புறம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "அக்ஷரத்தெத்து ஒண்ணு இருக்கு, ரெண்டாம் பக்கத்துல. அந்த எழுத்தைத் திருத்திக் குடு" என்றார். அவரைப் பற்றி நான் யாரிடம் குறை சொன்னாலும் அந்தக் கையெழுத்தையும் சேர்த்தே சொல்வேன்.

எருத்தேன்பதியில் மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னால் மேனேஜர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் லேசாகியது. அவருக்கும் மரகதத்தை அனுப்ப மனசில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப சரி. தப்பு கம்பெனியோடது. மரகதம், உனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்தார்.

"சார், அதுல ஒண்ணு விட்டுப் போயிருக்குதுங்க" என்றார் மரகதம்.

"என்னம்மா?"

"நான் பாத்தும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி மேடம் எழுதியிருக்கறாங்க. அன்னைக்கு நான் பாக்கவே இல்லைங்க. போன் அடிச்சுட்டே இருந்துச்சு. சத்தத்தை அமுத்தி, அரிசி டப்பாவுக்குள்ள வெச்சு மூடிட்டுச் சோறாக்கப் போயிட்டேன். ஆறு மணிக்கு சென்டர்ல இருந்து ஆள் தேடி வந்தப்பத்தான் எடுத்தேன். அதையும் எழுதோணுமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயை மூடுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. நாலு பக்கம் எழுதிக் காப்பாற்றிய வேலையை ஒரு டப்பா அரிசியில் போட்டுவிட்டாரே என்று தோன்றியது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதை ஏம்மா இப்பச் சொல்றே? யாருக்கும் தெரியாதே?"

மரகதம் ரிப்போர்ட்டைக் காட்டினார். "விட்டதையும் எழுதுங்கன்னு மேடம்கிட்ட நாந்தானுங்க கேட்டேன். அவங்க ரெண்டு தப்பும் எழுதிட்டாங்க. என்னோடதை மட்டும் விட்டா எப்படிங்க?"

மேனேஜர் பேனாவை எடுத்து, என் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்கும் ராமநாதன் சார் கையெழுத்துக்கும் கீழே, அரிசி டப்பா முதற்கொண்டு அப்படியே எழுதினார். மரகதத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மீட்டிங் அறைக்குள் போனார்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலையைத் தேடினேன், அது வீட்டில் இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலாகப் போகுது. பால் நேரமாச்சல்ல மரகதம், இங்க என்ன உக்காந்துட்டிருக்கறே? சீட்டுக்குப் போ."

மரகதம் போனார். மேனேஜர் என்னிடம், "டைரக்டருகள்ல ஒருத்தர் கேட்டாருங்க, இப்படித் தன் தப்பைத் தானே சொல்ற ஆளை அனுப்பிப்போட்டு எப்படிப்பட்ட ஆளைக் கொண்டாந்து வெப்பீங்கன்னு. அப்புறம் வேற ஆள் போடற பேச்சையே யாரும் எடுக்கலை" என்றார். எங்கள் கம்பெனியையும் அவர்கள் மாற்றவில்லை.

இன்று அந்தச் சுருக்கத்தைப் பல ஊர்க்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆளுக்கொரு வார்த்தை, ஆளுக்கொரு நேரம். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நான் கற்றுக்கொண்ட பாடம் சின்னது. எதையும் சுருக்கிச் சொல்லலாம். எவ்வளவு விட்டோம் என்பதைச் சொல்லாமல் சுருக்கினால் அது பொய்.

வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாள் என்னிடம் வருவார்கள். வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், அந்தக் கடைசி வரியை எடுக்கவும் ஒரு ஆப்ஷன் வைத்தால் என்ன என்பார்கள். புரோகிராம் கோடில் அந்த வரி இருக்கும் இடத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அங்கே என் பெயர் இல்லை. மேலே கமெண்ட்டாக இவ்வளவுதான் இருக்கிறது: 'கேட்டவர்: மரகதம், எருத்தேன்பதி. எடுப்பதற்கு முன் அவரிடம் போய்க் கேட்கவும்.'

இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.